1,87,401 ரூபாயில் தர்மம் எவ்வளவு?

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 63. கணவர் தவறி இரண்டு வருஷமாகிறது. சொந்த வீடு, மாதம் 42,000 ரூபாய் ஓய்வூதியம், கொஞ்சம் டெபாசிட் வட்டி. மகன் பெங்களூரில் இருக்கிறான். 2024-25-இல் மற்றவர்களுக்குக் கொடுத்ததை ஒரு நோட்டில் ‘தர்மக் கணக்கு’ என்று தலைப்பிட்டு எழுதி வைத்தேன். தம்பி மகனின் இன்ஜினீயரிங் ஃபீஸ் 75,000. ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு, என் கணவர் பெயரைக் கல்லில் பொறிப்பதாகச் சொன்னதால், 50,001. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குழந்தையின் இதய ஆபரேஷனுக்கு 25,000. கல்யாணம், காதுகுத்து மொய் 15,400. கணவர் திதியன்று முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுக்கு ரொக்கமாக 12,000. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு 10,000. மொத்தம் 1,87,401.

சித்திரையில் ஊருக்கு வந்த மகன் நோட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் உன்னை ஏமாத்துறாங்கம்மா” என்று சத்தம் போட்டான். ஆபரேஷன் விஷயம் பொய் என்று பிறகு தெரிந்தது. தம்பி மகன் ஃபீஸ் கட்டிய நாளிலிருந்து ஒரு போன்கூடப் பேசவில்லை. தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் யாரும் என் பெயரை எடுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து என்னோடு படம் எடுத்தார்கள். ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், அது கண்ணிலேயே நிற்கிறது. வேலைக்கு வரும் பெண் மாதம் 500 ரூபாய் திருப்பித் தருகிறாள், வாங்கக் கூச்சமாக இருக்கிறது; வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முதியோர் இல்லப் பணத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா? (எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சாயங்காலம் கணக்குக் கேட்டு வருவார்கள், காசு வாங்குவதில்லை; அதெல்லாம் இதில் சேராது.) நான் செய்தது தர்மமா, ஏமாளித்தனமா? எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வரிக் கேள்வி சின்னது, அதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் ஓய்வூதியம் வருஷத்துக்கு 5,04,000. நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 4,29,000. டெபாசிட் வட்டி ஒன்றரை லட்சம் சேர்ந்தாலும், அந்த ஆண்டின் புதிய வரித்திட்டத்தில் 7 லட்சம் வரை உங்களுக்கு வரியே வராது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? அந்தத் திட்டத்தில் 80ஜி கழிவும் கிடையாது. பழைய திட்டத்துக்குப் போனாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. கோயில் விஷயத்தில், அரசு அறிவிக்கை செய்த சில தலங்களின் திருப்பணிக்கு மட்டும்தான் கழிவு உண்டு. எல்லா ஊர் அம்மனுக்கும் இல்லை.

அதற்காக ரசீது கேட்காமல் இருந்துவிடாதீர்கள். வரிச்சலுகைக்குப் பதிவு செய்த அறக்கட்டளை யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று வருமான வரித்துறைக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும். நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள் அதற்கான சான்றிதழைக் கொடுத்தவருக்குத் தரவேண்டும். உங்களுக்கு அந்தக் காகிதத்தால் ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஆனால் நீங்கள் கேட்கும்போது அங்கே ஒருவர் அதைக் கணக்கில் ஏற்றியாக வேண்டும், அது போதும். ரசீது என்றதும் முகம் சுண்டுகிற இடமாக இருந்தால் பர்ஸை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.

இனி நோட்டு.

முப்பது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் கணக்கைப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். உங்கள் நோட்டின் நகலைப் பார்த்தேன். கூட்டலில் பிசகில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கும்பாபிஷேகத்து ஒரு ரூபாயைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். தப்பு தலைப்பில் இருக்கிறது. ஆறு விதமான செலவை ‘தர்மம்’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டீர்கள். இப்படி ஒரு பேரேடு என் மேஜைக்கு வந்தால், பிரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். நீங்கள் ஆசிரியை என்பதால் நானே பிரித்து எழுதிப் பார்த்தேன்.

மொய் 15,400. இதில் தர்மம் காலணா கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மொய் வாங்குவதற்காகவே கறிச்சோறு. வாசலில் மேஜை போட்டு, யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும். பிறகு அவரவர் முறை வரும்போது, வாங்கியதைத் திருப்பிச் செய்து மேலே கொஞ்சம் புதுசாகவும் போடவேண்டும். வட்டியில்லாத கடன். அதில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் அதை யாரும் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில்லை. திருப்பிச் செய்யாதவனை ஊர் சும்மா விடுவதும் இல்லை.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தக் கணக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். வறியவருக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்ற கொடுக்கல் எல்லாம் ‘குறியெதிர்ப்பை’யின் தன்மை உடையவை என்கிறார். அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவுக்குத் திருப்புவது குறியெதிர்ப்பை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிவிட்டு, ரேஷன் வந்ததும் அதே டம்ளரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, அதேதான். அது இல்லாமல் தெரு நடக்காது. ஆனால் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

கோயில் 50,001. உங்கள் கணவர் பெயரைக் கல்லில் பார்க்க ஆசைப்பட்டீர்கள். நியாயமான ஆசை. அவர் நினைவுச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

இப்போது 75,000. பொய் ஆபரேஷனுக்குப் போன பணத்தை இரண்டு வரியில் முடித்த நீங்கள், போன் பண்ணாத பையனுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றியவன் மேல் வராத கோபம் தம்பி மகன் மேல் வருகிறதே, ஏன்? கிரகப்பிரவேசத்தில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள். மைக்கில் பெயரும் தொகையும் வாசிப்பது மொய் எழுதும் இடத்தில் நடப்பது. நீங்கள் கொடுத்தது ஃபீஸ், எதிர்பார்த்தது மொய்க்கு உரிய மரியாதை.

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்துகிற ஒருவர் மகனுக்கு ஃபீஸ் கட்ட முடியாத நிலையிலா இருந்தார்? அத்தை என்ற முறைக்குச் செய்தேன் என்றால் அது முறை, சந்தோஷமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த 75,000-ஐ வறியவர் பக்கத்தில் எழுதாதீர்கள். வேண்டாத இடத்தில் எழுதியதால்தான் நன்றி என்ற வட்டி வரவில்லையே என்று மனசு கணக்குப் பார்க்கிறது.

அந்தப் பையன் பக்கத்தையும் நான் கொஞ்சம் பேசவேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பையனாக இருந்தவன். நான் பி.காம். சேர்ந்த வருஷம் எங்கள் அப்பாவின் மளிகைக் கடை நொடித்துக் கிடந்தது. ஃபீஸ் 640 ரூபாய். அப்பாவின் சிநேகிதர், பருத்தி வியாபாரி, கட்டினார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவர் தெரு வழியாகப் போனதில்லை. சைக்கிளைச் சுற்றிக்கொண்டு தெப்பக்குளம் வழியாகப் போவேன். நன்றி இல்லாமல் இல்லை. பார்த்தால், “என்னடா, பரீட்சை எப்படி எழுதினே?” என்று கேட்பார். பிரியமாகத்தான் கேட்பார். எனக்கு அந்தக் கேள்விக்குள் 640 ரூபாய் உட்கார்ந்திருக்கும். ஒரு பாடத்தில் ஃபெயிலானபோது அப்பாவைவிட அவருக்குத்தான் பயந்தேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகே அவர் வீட்டுப் படி ஏறினேன். பணத்தை நீட்டினேன். “உங்கப்பன்கிட்ட நான் எழுதி வாங்கலையேடா” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடச் சொன்னார்.

ஆகவே அவனைப் பார்த்தால் படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், டீச்சராக இருந்தவருக்குக் கஷ்டம்தான். உங்கள் போனில் ஏதாவது சரியாக வரவில்லை என்றால் அவனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். அத்தைக்கு அவனும் ஏதாவது செய்ய இடம் கொடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அவன் நிஜமாகவே நன்றிகெட்ட பையன் என்று தெரிந்தால், அடுத்த வருஷ ஃபீஸை வீடு கட்டிய அப்பா பார்த்துக்கொள்வார்.

25,000 பற்றி. நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்படவேண்டியவன் வேறு ஆள். ஆனால் புகார் கொடுக்காமல் விட்டது தப்பு. சைபர் மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போன சூட்டோடு கூப்பிட்டால் சில சமயம் வழியிலேயே நிறுத்த முடியும். நாளாகிவிட்டாலும் சைபர் குற்றத் தளத்தில் பதிவு செய்யுங்கள். அதே கணக்கு எண்ணுக்கு இன்னொரு டீச்சர் பணம் அனுப்பாமல் இருப்பதற்காகவாவது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் அதில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். ஆஸ்பத்திரியின் பொது எண்ணை நீங்களே தேடிப் பிடித்து, இந்த உள்நோயாளி எண்ணில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுவதென்றால் ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டுங்கள், தனி ஆள் எண்ணுக்கு வேண்டாம். மோசடிக்காரன் ‘இன்று ராத்திரிக்குள்’ என்று எழுதியிருப்பான். யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் பிழைப்பு நடக்காது.

அதோடு, பணம் இல்லாமலே செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. இதய ஆபரேஷனும் அதில் வரும். நம் தெருவிலேயே அட்டை வாங்காத குடும்பங்கள் இருக்கும். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸில் என்ன சொல்லவேண்டும் என்று தெரியாமல் இரண்டு தரம் அலைந்து விட்டிருப்பார்கள். தலைமையாசிரியையாக இருந்தவர் கூடப் போய் நின்றால் அந்தக் காகிதம் எவ்வளவு வேகமாக நகரும் என்பது உங்களுக்கே தெரியும். 25,000 அனுப்பியதைவிட அந்த ஒரு காலைப்பொழுது பெரிய தொகை.

அடுத்து அந்த முந்தானை. உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான், அதைக் கவனித்தீர்களே என்பதும்தான்.

பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வறுமையோடு குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்கவில்லை. இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசிலைக் கொடுத்தனுப்பிவிட்டான். புலவர் தொடவில்லை. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று பாடினார். என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் பரிசில் வியாபாரி இல்லை என்று அர்த்தம். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. மதித்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். கையில் ஒன்றும் இல்லாத ஆள் சொல்கிற பேச்சு இது. அந்த முதியோர் இல்லத்தில் பாட்டு எழுத யாருக்கும் தெரியாது, முந்தானைதான் இருந்தது.

அறக்கட்டளைக் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இந்தப் படம் எடுக்கும் வியாதியை நான் ரூபாயில் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு வருஷம் ஒரு அறக்கட்டளையின் வவுச்சர்களைப் புரட்டுகிறேன்: ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் 18,000. அதை வழங்கும் விழாவுக்கு மேடை, ஃபிளெக்ஸ் பேனர், பொன்னாடை, வீடியோ 41,000. எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பில் இருந்தது. சட்டப்படி நான் கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை, போட்டேன். இன்றைக்கும் அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை.

மாறாக மதுரையில் ஒரு இடம். 1976-இல் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையால்தான் ஆபரேஷன் செய்தார். கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. எதில் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று காட்டு, ஏழை என்று நிரூபி என்று யாரும் கேட்பதில்லை. காசு கட்டுகிறவர்களின் வரவு மற்றவர்களின் செலவைத் தாங்குகிறது. என் பாட்டிக்குக் கண்புரை அங்கேதான் எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவள் சொன்னது பார்வையைப் பற்றி இல்லை. “ஒருத்தரும் என்னை என்ன ஏதுன்னு கேக்கலடா” என்றாள். கணக்குப் படித்த எனக்கு அப்போது அது விசித்திரமாகப் பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசத்தில் புகுந்துவிடலாமே என்று. புகுந்தவர்கள் இருப்பார்கள். அந்தச் சேதாரத்தைத் தாங்கிக்கொண்டு, கேட்காமல் விட்டதால்தான் என் பாட்டி போன்றவர்கள் படியேறினார்கள்.

அடுத்த திதிக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு வாரம் முன்னால் இல்லத்து மேனேஜரைத் தனியாகப் பார்த்து, எது தட்டுப்பாடு என்று கேளுங்கள். பெரும்பாலான இல்லங்களில் விசேஷ நாள் சாப்பாட்டுக்குத் தேதியே கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமைகளில் பாயசமாக இருக்கும். பெரியவர்களுக்கான டயப்பருக்கும், பிரஷர் மாத்திரைக்கும், ராத்திரி கூட இருக்கும் ஆயாவின் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்காது. அதற்குக் கொடுங்கள், காசோலையாக. போட்டோ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாடும் போட ஆசை என்றால் பரிமாறிவிட்டு நிற்காமல் பந்தியில் நீங்களும் ஒரு இலையில் உட்காருங்கள், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கே. அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அது இன்னொரு போட்டோ. சாம்பாரில் உப்பு சரியா என்று கேளுங்கள்.

உங்கள் மகன் விஷயம். அவன் சொன்ன காரணம் தப்பு, சத்தம் போட்டது தப்பு, ஆனால் தொகையைப் பார்த்துப் பயந்தது தப்பில்லை. ஓய்வூதியத்தில் 37 சதவீதம் வெளியே போயிருக்கிறது. உங்களுக்கு நாளை முழங்கால் ஆபரேஷன் என்றால் யாரிடம் கேட்பீர்கள்?

நான் விருதுநகர்க்காரன். எங்கள் பக்கம் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்குத் தனியாக எடுத்து வைப்பது. லாபம் வந்ததா நஷ்டமா என்று பார்த்துக் கொடுப்பதில்லை. சரக்கு கைமாறும்போதே மகமை தனியாகிவிடும். பில்லில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். உறவின்முறை என்ற சமூக அமைப்புகளின் பள்ளிகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள், அதுவும் பள்ளிக்கூடத்துக்கு. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை இப்படித்தான் நடந்தது. எங்கள் கடை நொடித்த வருஷத்தில்கூட அப்பா மகமைப் பெட்டியில் கை வைக்கவில்லை. அவர் பெரிய தர்மவான் ஒன்றும் இல்லை, கடைப் பையனுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்க அழுவார். மகமைப் பணம் தன் பணம் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

முஸ்லிம் நண்பர்களின் ஜகாத்தும் இந்த மாதிரிதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து ஒரு வருஷம் கையில் இருந்தால் அதில் இரண்டரை சதவீதம் இல்லாதவருக்குப் போகவேண்டும். மனசு இளகினால் கொடு, இளகாவிட்டால் விடு என்கிற கதை இல்லை.

உங்களுக்கும் அதையே சொல்வேன். வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஓய்வூதியம் ஏறும் அன்றே 4,200 ரூபாய், பத்தில் ஒன்று, அதற்குத் தானாகப் போகட்டும். வருஷத்துக்கு 50,400. கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்து கொடுங்கள். அது தீர்ந்தால் அடுத்த மாதம் என்று சொல்லக் கூசவேண்டாம். மொய்யும் முறையும் வீட்டுச் செலவோடு சேரட்டும். மகனிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். இந்தக் கணக்கில் எப்போதாவது ஒரு பொய்யனுக்கு இரண்டாயிரம் போகும். போகட்டும், பாட்டி போன ஆஸ்பத்திரியிலும் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. மொத்தமாக நிறுத்தினால் பொய்யனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவன் அடுத்த எண்ணுக்கு அனுப்புவான்.

எதிர்வீட்டுப் பிள்ளைகளை ‘இதில் சேராது’ என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். பிரித்து எழுதிய பிறகு உங்கள் நோட்டில் தயக்கமில்லாமல் தர்மம் என்று போடக்கூடிய வரி அது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் பெயரை யாரும் வாசிக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. அவர்கள் கூச்சப்பட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதும் இல்லை, பின்னத்தைக் கூட்டத் தெரியவில்லை என்றால் நேராக வந்து நிற்கிறார்கள். தொகை போடத் தெரியாததால் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

கடைசியாக, மாதம் 500. அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண் 10,000-ஐத் தர்மமாகக் கேட்கவில்லை. கைமாற்றாகக் கேட்டாள், கைமாற்றாகத் திருப்புகிறாள். அவளைக் கேட்காமல் தர்மம் என்று தலைப்பிட்டது நீங்கள். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சேர்த்த 500-ஐ முதல் தேதி நீட்டும்போது, அவள் உங்களுக்குச் சமமாக நிற்கிறாள். வேண்டாம்மா வைத்துக்கொள் என்று சொன்ன நொடியில் அது போய்விடும். பிறகு ஒரு நாள் லீவு கேட்கக்கூட அவளுக்கு வாய் வராது. உண்மையாகவே முடியாத மாதம் வந்தால் அவளே சொல்லுவாள், அப்போது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பணம் முழுதும் அடைந்த பிறகு, சம்பளம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று நீங்களே ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அது தனிக் கணக்கு.

இந்த முதல் தேதி அவள் நீட்டும்போது, பார்க்காமல் வாங்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். எண்ணுங்கள். நோட்டை எடுத்து அவள் கண் முன்னாலேயே வரவு வையுங்கள். பாக்கி எவ்வளவு என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.